பாண்டிச்சேரி என்று சொன்னேன்

போன மாதம் விழுப்புரத்தில் மனநல ஆலோசகர்களான உங்களுக்கெல்லாம் பயிற்சி வகுப்பு நடந்ததே, அதில் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், கவுன்சிலிங்குக்கு வர்றவங்க உக்காந்ததுமே உங்களுக்கு எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்கிறாங்க. எதுக்குக் கேக்கிறாங்கன்னு அவங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இன்னா பதில் சொல்றது?" கூடத்தில் எல்லோரும் சிரித்தீர்கள். நான் மைக்கை வாங்கி, "கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். அதை அவர் ஏன் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று பேச வையுங்கள்" என்றேன். குறித்துக்கொண்டீர்கள். கைகூடத் தட்டினீர்கள். அந்தப் பெண் மட்டும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் எழுதாமல் விட்டதுதான் சரி. நான் சொன்னது பதில் இல்லை, நழுவல். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன் மேடையில் நின்று எவ்வளவு லாவகமாக நழுவுகிறான் என்று நீங்கள் பார்த்தீர்கள், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதிலை இப்போது எழுதுகிறேன். படித்து முடித்தபின் கை தட்டத் தோன்றாது.

நான் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவன். எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கிராமமும் இங்கே இரண்டு. நிலம் வைத்திருப்பவர்கள் இருக்கும் இடத்துக்கு ஊர் என்று பெயர். அந்த நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள் இருக்கும் இடம் காலனி. நடுவில் ஒரு ரோடு இருக்கும், இல்லையென்றால் ஒரு வாய்க்கால். அப்பாவும் அம்மாவும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கப் போவார்கள், நெல் அறுக்கப் போவார்கள். என்னைத் திண்டிவனத்தில் ஒரு விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். கல்லூரியில் நான் கேட்ட பாடத்தில் இடம் இல்லை. உளவியலில் காலியாக இருந்தது. மனித மனத்தை ஆராயும் தாகத்தால் இந்தத் துறைக்கு வந்தேன் என்று கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்தான்.

படிப்பு முடித்ததும் பாண்டிச்சேரிக்கு வெளியே இரும்பை என்ற கிராமத்துப் பக்கம் ஒரு சிறிய மனநல மையத்தில் வேலை கிடைத்தது. நடத்தியவர் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பக்கம் குடியிருக்கும் வெள்ளைக்காரர்கள் அவரிடம் வருவார்கள். சுற்றுக் கிராமத்து மக்களும் கொஞ்சம் பேர் வருவார்கள். அவர்கள் பேசுவதை மேடத்துக்கு ஆங்கிலத்தில் சொல்வதுதான் முதலில் என் வேலை.

சேர்ந்த முதல் வாரத்தில் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெஞ்சு அடைக்கிறது, ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள் என்று வந்தவர், மேடம் கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார், சேர்ந்த வாரமே வேலையும் போய்விடும் என்று பயந்தேன். "பாண்டிச்சேரிங்க" என்றேன். பாண்டிச்சேரி பெரிய ஊர். எல்லா விதமான ஆளும் இருப்பார்கள். எந்தப் பக்கத்து ஆள் என்று ஊர்ப் பேரை வைத்துப் பிடிக்க முடியாது.

"அதான பாத்தேன். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்றவர், மடை திறந்த மாதிரி பேசினார். மகன் பெங்களூருக்குப் போனவன் போனில்கூடப் பேசுவதில்லை. அதைச் சொல்ல ஆரம்பித்து எப்படியோ எங்கள் காலனி ஆட்களைப் பற்றிய பேச்சுக்கு வந்து சேர்ந்தார். "இந்தக் காலனிப் பசங்க இருக்கானுங்களே தம்பி, கூப்பிட்டா வர மாட்டன்றானுங்க. செருப்பு மாட்டிக்கினு நம்ம தெருவுலயே பைக்குல போறானுங்க. அதப் பாத்தாலே நெஞ்சு அடைக்குது." நான் அதை, வேலையாட்கள் கிடைக்காததால் மன உளைச்சல், மாறிவரும் சமூகச் சூழல் கவலை தருகிறது என்று நல்ல ஆங்கிலமாக்கி மேடத்திடம் கொடுத்தேன்.

அவர் போனதும் மேடம் என் தோளைத் தட்டினார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் இருந்தாய், இந்தத் தொழிலுக்கென்றே பிறந்தவன் நீ என்றார். அந்த முகத்தை நான் எங்கே பழகினேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? களத்துமேட்டில் ஊர்க்காரர்கள் அப்பாவைப் பேர் சொல்லி அதட்டும்போது பக்கத்தில் நின்று பழகியது அது. பிற்பாடு அவர்தான் எனக்கு உங்களுக்கெல்லாம் சொல்லித்தரப்படும் அந்த விதியைச் சொல்லித்தந்தார். சிகிச்சைக்கு வருபவர் உன்னைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாதே, கேள்வியைத் திருப்பிவிடு, அங்கே உன் கதைக்கு இடமில்லை என்பார். தப்பான விதி என்று சொல்லமாட்டேன். அவருடைய நாட்டில் தெருப் பெயரை வைத்து ஒருவன் யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்று கணக்குப் போட முடியாது. அந்த வித்தியாசத்தை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவன் நான்தான். எனக்கு அந்த விதி ரொம்ப வசதியாக இருந்தது. சொல்லவில்லை.

சில வருடங்களில் நானே தனியாகச் சிகிச்சை தர ஆரம்பித்தேன். வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர் என்னிடம் வந்தார்கள். வேற்றுப் பண்பாட்டு மக்களோடு வேலை செய்வது கஷ்டமாக இல்லையா என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. கஷ்டமே இல்லை. அதைவிட நிம்மதியான வேலையை நான் பார்த்ததில்லை. குளிர் நாட்டிலிருந்து வந்த ஒரு கிழவர், தன் அப்பா அடுத்தவர் பண்ணையில் அடிமை மாதிரி உழைத்துச் செத்தார் என்று அழுதபோது, என் அப்பாவும் அப்படித்தான், நான் கூலிக்காரர்கள் தெருவில் பிறந்தவன் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு விதி எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. சொல்வதால் எதுவும் போகாது என்கிற இடத்தில் எனக்கு உண்மை தாராளமாக வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மேடம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போனபின் திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் அறை எடுத்தேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு சொம்பு, இரண்டு டம்ளர். கடைக்காரர் கேட்டார், எந்த ஊர் என்று. பாண்டிச்சேரி. டீக்கடையில் கேட்டார்கள். பாண்டிச்சேரி. அம்மா மட்டும் காலனியில் நான் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அம்மாவைத் திண்டிவனத்துக்கு ஒரு தடவைகூட அழைத்து வந்ததில்லை. உனக்கு பஸ் ஒத்துக்காது என்று சொல்லிச் சொல்லி அவரையே நம்ப வைத்துவிட்டேன்.

அந்த அறைக்குத்தான் வசந்தி வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இருபத்தாறு வயது. உள்ளூரில் பார்த்தால் யாராவது கேட்பார்கள் என்று சனிக்கிழமைதோறும் பஸ் ஏறித் திண்டிவனம் வருவார். தூக்கமில்லை. ஊசி போடும் கை நடுங்குகிறது. குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா சமையலறைக்குள் வந்தாலே வேர்த்துக் கொட்டுகிறது. அந்த அம்மா கெட்டவரா என்றால் இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறவர், நல்ல நாளில் புடவை எடுத்துக் கொடுக்கிறவர். அப்புறம் எதற்கு பயம்?

நான்காவது சனிக்கிழமை சொன்னார். "நான் காலனி சார். வேற ஆளுன்னு சொல்லித்தான் வீடு புடிச்சேன். இப்ப அந்தம்மா அவங்க அண்ணன் புள்ளைக்கு என்னப் பொண்ணு கேக்கிறாங்க. ஒரே பேஜாரா இருக்குது சார். சொல்லிடலாமா, ராவோட ராவா காலி பண்ணிக்கினு ஓடிடலாமா, ஒண்ணும் புரியல." சொல்லிவிட்டு அழுதார். வெளியாள் ஒருவரிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், நீங்க எந்தப் பக்கம்? ஊரா, காலனியா?"

எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது நானேதான். அதே பொய், அதே வேர்வை. "நானும் உங்க பக்கம்தாம்மா" என்று மூன்று வார்த்தை போதும். கீழே மருந்துக்கடைக்காரர் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பெண் வெளியே போய் யாரிடமாவது சொல்லிவிட்டால் இந்த மாடி இருக்குமா என்று யோசித்தேன். பிறகு, "அதைத் தெரிஞ்சிக்கிறது உங்களுக்கு ஏன் முக்கியமா இருக்குதுன்னு பேசலாமா?" என்றேன். அச்சு அசலாக மேடம் சொல்லித்தந்த வாக்கியம்.

"ஒண்ணுமில்ல சார், சும்மாதான் கேட்டேன்" என்றார் வசந்தி. அதுவரை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நுனிக்கு வந்தார். வந்த நாளிலிருந்து என் டம்ளரில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தவர், அன்றைக்குப் பாதி குடித்து வைத்த டம்ளரைத் தொடவில்லை. காலனிக்காரனாக இருந்தால் ஆமாம் என்றிருப்பான், சொல்லாதவன் ஊர்க்காரன் என்று முடிவு கட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு கட்டுவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன்.

இதோடு அவர் வருவதை நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தார், முகம் தெளிந்து. "யோசிச்சிப் பாத்தேன் சார். நீங்க அந்தப் பக்கத்து ஆளா இருந்துக்கினு, நான் சொன்னதக் கேட்டும் ஒண்ணும் மாறலியே. அப்பிடியே மரியாதையாத்தான பேசறீங்க. அந்தம்மாவும் அப்பிடி இருப்பாங்க இல்ல சார்?"

நன்றாகப் பாருங்கள். அவருக்குக் கிடைத்த ஒரே ஆதாரம் நான். அந்த ஆதாரம் பொய். அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். "உண்மையச் சொன்னா பாரம் குறையும், முடிவு உங்களுடையது" என்று சொன்னேன். பாரம் குறையும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் எந்தப் பாரத்தை இறக்கி வைத்தேன்?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். "சொல்லிட்டேன் சார்" என்றார். குரலில் அழுகை இல்லை. சொல்லி முடித்ததும் அந்த அம்மா எழுந்து உள்ளே போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வசந்தியின் பாத்திரம், பெட்டி, பாய் எல்லாம் தெருவுக்கு வந்தன. எண்ணெய் தேய்த்துவிட்ட அதே கை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சமையலறையைக் கழுவியிருக்கிறது. தெருப் பையன்கள் நாலு பேர் பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே வந்திருக்கிறார்கள், வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு. வசந்தியின் அப்பா காதுக்கு இது போனால் அவர் செத்துப்போவார், வீட்டுக்குப் போக முடியாது. "ரெண்டு மூணு நாளு தங்கற மாதிரி விழுப்புரம் பக்கத்துல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா சார்? ஜல்தியா சொல்லுங்க சார், அவனுங்க இன்னும் எதிர்க்கவே நிக்கிறானுங்க."

அந்த பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடத்தில் என் அம்மாவின் வீடு. ஒரு அறை சும்மா கிடந்தது. அம்மா வாசலிலேயே நின்று கூட்டிக்கொண்டு போயிருப்பார், சோறு போட்டிருப்பார். அந்த முகவரியைச் சொன்னால் நான் யார் என்றும் சொன்னதாகிவிடும். "பாண்டிச்சேரியில ஒரு லேடீஸ் ஹாஸ்டல் இருக்குதும்மா, நம்பர் தர்றேன்" என்றேன்.

"பாண்டிச்சேரிங்களா?" என்று கேட்டார். நம்பரை எழுதிக்கொண்டாரா என்று தெரியாது. போனை வைத்துவிட்டார். மறுநாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதன்பின் நான் தேடவில்லை. சிகிச்சைக்கு வந்தவரைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறதல்லவா, அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஏழெட்டு வருடம் போனது. எனக்குப் பேர் வந்தது. பல பண்பாட்டு மக்களோடு பணியாற்றிய அனுபவசாலி என்று கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். நீங்களும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள்.

ஒரு தடவை அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வார நாளில் காலனிக்குப் போயிருந்தேன். காய்ச்சல் விட்டு, நானும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். நான் லுங்கியில் இருந்தேன். வீடு வீடாக வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் நர்ஸ் வந்திருப்பதாக வெளியே குரல் கேட்டது. "வா கண்ணு, உள்ள வா" என்றார் அம்மா. தோளில் பையும் கையில் நோட்டுமாக உள்ளே வந்தவர் வசந்தி. நெற்றியோரம் கொஞ்சம் நரைத்திருந்தது.

என்னைப் பார்த்தார். நின்றார். சுவரில் அப்பாவின் போட்டோவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"எம் புள்ள கண்ணு. திண்டிவனத்துல டாக்டரா இருக்கான். மனசுக்கு வைத்தியம் பாக்கிறான்" என்றார் அம்மா பெருமையாக.

"தெரியும் ஆயா" என்று சொல்லி, கீழே உட்கார்ந்து அம்மாவின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். காற்றடித்து அளவு பார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார். "இந்த வீடு எப்பக் கட்டினது ஆயா?"

"அது ஆயிடுச்சி கண்ணு, இருவது வருசம். இவன்தான் கட்டிக் குடுத்தான். ரெண்டு ரூமு, நான் ஒருத்தி. அந்த ரூமு அன்னிலேர்ந்து சும்மாவேதான் கெடக்குது. யாராச்சும் பொம்பளப் புள்ள வேலைக்குப் போறது வந்து இருந்துச்சின்னா எனக்கும் பேச்சுத்துணையா இருக்குன்னு இவங்கிட்ட சொல்லிக்கினே இருக்கிறேன். எங்க காதுல போட்டுக்கிறான்?"

வசந்தி அந்த அறையின் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மல்லாட்டைத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

"சாருக்கும் பாத்துடறேன். வீட்டுல இருக்கிற பெரியவங்க எல்லாருக்கும் பாத்து எழுதணும்" என்றார். கையை நீட்டினேன். பட்டை இறுகியது. "நூத்தி எழுவது இருக்குது. அதிகம்" என்றவர் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். "பேரு தெரியும். எந்த ஊரு சார்? எந்தத் தெரு?"

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே போய், "வசந்தி, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். வசந்தி குரலை உயர்த்தவே இல்லை.

"அந்தப் பக்கத்து ஆளே நம்மள உக்காரவெச்சி மரியாதையா பேசறாரே, அப்ப உலகம் மாறிடுச்சின்னு நெனச்சித்தான் சார் அந்தம்மாகிட்ட வாயத் தொறந்தேன். நீங்க அந்தப் பக்கமே இல்லியே சார்."

உள்ளே திரும்பி, "வர்ற மாசம் வர்றேன் ஆயா, மாத்திரைய விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அம்மா சாகும்வரை மாதம் தவறாமல் வந்தார். எந்தத் தேதி என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நாளில் நான் அங்கே இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். தைரியசாலியாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, வகுப்பில் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் என்ன நடக்கும் என்பதை வசந்தி காட்டிவிட்டார். சொல்லாமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் வாயை மூடும்போது யாரைக் காப்பாற்றிக்கொள்ள மூடுகிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்றால் அதற்கு விதியைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். நீங்கள் செய்து பார்க்காத காரியத்தை எதிரில் இருப்பவரைச் செய்யச் சொல்லாதீர்கள். இதைக்கூட நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை, ஒரு பெண்ணின் பாத்திரங்களைத் தெருவில் எறிய வைத்துக் கற்றுக்கொண்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. வகுப்பு தொடங்கும்போது என்னை அறிமுகப்படுத்தியவர், "பாண்டிச்சேரியிலிருந்து நமக்காக வந்திருக்கிறார்" என்றார். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், வேலையும் முடிந்துவிட்டது, இனி என்னிடமிருந்து யாரும் எதையும் பிடுங்க முடியாது. அப்படியும் உட்கார்ந்தேன்.

உங்கள் குறிப்பேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் ஊர் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். கோலியனூர் பக்கம். காலனி, இரண்டாவது தெரு. ஒரு அறை இன்னும் சும்மாதான் கிடக்கிறது.